முன்பாரமா, பின்பாரமா?

சித்தூர் வெல்ல மண்டிகளுக்கு மூட்டை ஏற்றிவரும் மாட்டு வண்டிகள் அருகிவிட்டன. வண்டிகள் போனாலும் வண்டிக்காரர்கள் விட்டுச்சென்ற இரண்டு சொற்கள் போகவில்லை. ஒன்று முன்பாரம், மற்றது பின்பாரம். டிராக்டரில் மாங்காய் ஏற்றுகிறவருக்கும் மலைப்பாதையில் பேருந்து ஓட்டுகிறவருக்கும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பிழைப்பு.

வேலூரிலிருந்து வடக்கே சுமார் ஒரு மணி நேரப் பயணத்தில் வந்துவிடும் சித்தூர். 1911இல் உருவான மாவட்டத்தின் தலைநகர். திருத்தணிகூட 1960 வரை இந்த மாவட்டத்தில்தான் இருந்தது. கடைத்தெருவில் தமிழில் விலை கேட்டுத் தெலுங்கில் பேரம் முடிப்பது இங்கே யாருக்கும் விசேஷமாகத் தெரிவதில்லை.

இரண்டு சக்கர வண்டியின் சூத்திரம் எளிமையானது. அச்சுக்கு முன்னால் எடை கூடினால் முன்பாரம். நுகத்தடி மாடுகளின் கழுத்தை அழுத்தும். பின்னால் கூடினால் பின்பாரம். நுகத்தடி மேலே எழும்பி, பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். சமதரையில் நல்ல வண்டிக்காரர் லேசான முன்பாரத்தோடு கிளம்புவார். சிக்கல் மேடு வந்த பிறகுதான். பாரம் அச்சுக்கு மேலே உட்கார்ந்திருப்பதால், வண்டி மேட்டில் ஏறும்போது எடையின் மையம் பின்னால் சாய்கிறது. பத்தடிக்கு ஓரடி உயரும் சரிவில், அச்சுக்கு நான்கடி மேலே எடையின் மையம் இருந்தால் அது ஏறக்குறைய ஐந்து அங்குலம் பின்னே போய்விடும். இறக்கத்தில் அதே ஐந்து அங்குலம் முன்னே. ஆகவே வண்டிக்காரர் மேட்டில் ஏர்க்கால் பக்கம் நகர்ந்து உட்காருவார், இறக்கத்தில் பின்னால் தள்ளிக்கொள்வார். கடைசித் திருத்தம் அவருடைய உடம்புதான்.

ஜூன், ஜூலையில் சித்தூரைச் சுற்றியுள்ள மாங்கூழ் ஆலைகளின் வாசலில் தோதாபுரி ஏற்றிய டிராக்டர்கள் வரிசைகட்டி நிற்கும். இரட்டைச் சக்கர டிரெய்லரில் சரக்கை முன்னால் குவித்தால் கொக்கியின் மேல் எடை விழுந்து, டிராக்டரின் முன்சக்கரங்கள் தரையில் பட்டும் படாமலும் ஓடும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. பின்னால் குவித்தால் கொக்கி மேலே இழுக்கும். பின்சக்கரங்களின் பிடிப்புப் போய்விடும். மாட்டுக்குப் பதில் எஞ்சின் வந்ததில் ஒரு நஷ்டம் உண்டு. மாடு கழுத்தைச் சிலுப்பி எச்சரித்தது. டிராக்டர் எச்சரிப்பதில்லை.

சித்தூர் வட்டாரத்தில் சரிவு என்பது பாடப்புத்தகச் சமாசாரம் இல்லை. பலமநேரிலிருந்து சித்தூருக்கு இறங்கும் மொகிலி கணவாயில் 2024 செப்டம்பரில் அரசுப் பேருந்தும் லாரியும் மோதி ஏழு பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். 2022 மார்ச்சில் பாகராபேட்டை மலைப்பாதையில் திருப்பதிக்கு வந்துகொண்டிருந்த நிச்சயதார்த்தக் கோஷ்டியின் பேருந்து பள்ளத்தில் உருண்டது. அங்கும் ஏழு பேருக்குக் குறையாத சாவு. எல்லாவற்றுக்கும் பாரத்தின் தலையில் பழியைப் போட முடியாது. வேகம், பிரேக், தூக்கம் என்று காரணங்கள் பல. ஆனால் சரிவில் ஒரு தவறு நடந்துவிட்டால், அதைத் திருத்த எவ்வளவு அவகாசம் கிடைக்கும் என்பதை எடை நிற்கும் இடமும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

இந்த விவகாரம் மாடே இல்லாத மலைகளிலும் உண்டு. காஷ்மீரின் குல்மார்கில் கேபிள் காரில் அஃபர்வத் சிகரத்தை நோக்கி ஏறுகிறவர்கள், காலில் மாட்டும் பனிச்சறுக்குப் பலகையில் பூட்டை எங்கே திருகுவது என்று வாதாடுகிறார்கள். வேகமாக நேரே இறங்குவதற்கான பழைய பாணிப் பலகையில் பாதத்தின் நடு, பலகையின் மையத்திலிருந்து சுமார் 10 செ.மீ. பின்னால் நிற்கும். துள்ளவும் சுழலவும் பின்பக்கமாகவே இறங்கவும் செய்யப்பட்ட, இருமுனையும் வளைந்த பலகைகளில் அது நான்கைந்து செ.மீ. அளவுக்கு மையத்தை நெருங்கிவிடும். பூட்டு முன்னே வந்தால் பலகை லகுவாகத் திரும்பும். ஆழமான புதுப்பனியில் மூக்கு புதையும். பின்னே போனால் மூக்கு மிதக்கும், வேகத்தில் ஆட்டம் குறையும். ஆனால் வாலைத் திருப்ப மல்லுக்கட்ட வேண்டும். ஒரு செ.மீ. நகர்த்தினாலே பழகிய கால்களுக்குத் தெரியும் என்கிறார்கள். தயாரிப்பாளர்கள் பலகையில் ஒரு கோடு போட்டுத் தருகிறார்கள். சந்தேகம் உள்ளவர் அந்தக் கோட்டிலேயே துளையிடுவது உத்தமம். துளையிட்ட பிறகு மனம் மாறினால் பலகை சல்லடையாகிவிடும்.

வண்டிக்காரருக்கு இருந்த சலுகை இங்கே இல்லை. அவர் மூட்டையை நகர்த்தலாம். பலகையில் துளை போட்டது போட்டதுதான். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் பொதுவான சரியான நடு எதுவும் கிடையாது என்பதால், எந்தச் சரிவில் அதிக நேரம் கழியப்போகிறதோ அதற்கேற்ப இடத்தைத் தேர்ந்துவிட்டு, மிச்சத்தை இடுப்பாலும் முழங்காலாலும் சமாளிக்க வேண்டியதுதான்.

சித்தூரிலிருந்து திருப்பதி சுமார் 70 கி.மீ. பாகாலா, சந்திரகிரி தாண்டியதும் சேஷாசல மலை எதிரே சுவர்போல நிற்கிறது. 1944 ஏப்ரல் 10 அன்று முதல் மலைப்பாதை திறக்கும்வரை இதன் மேலே போக இரண்டே வழி: நடை அல்லது டோலி. அலிபிரியிலிருந்து மூவாயிரத்து ஐந்நூறுக்கும் அதிகமான படிகள்; ஸ்ரீநிவாச மங்காபுரம் பக்கத்துப் பாதையில் சுமார் 2,400.

டோலியைக் கண்டுபிடித்தவருக்குச் சிலை வைக்கலாம். ஒற்றைத் தண்டில் பாரத்தைத் தொங்கவிட்டால், தண்டு எவ்வளவு சாய்ந்தாலும் தொங்கும் இடம் மாறாது. மேலே நிற்பவர் தோளுக்கும் கீழே நிற்பவர் தோளுக்கும் பங்கு ஏறக்குறைய சமம். பாரத்தைத் தண்டுக்கு மேலே ஏற்றி வைத்தால் கதை வேறு. சரிவில் கீழே நிற்பவர் தலையில்தான் எல்லாம் விடியும். பிரம்மோற்சவத்தில் கருட வாகனமும் கஜ வாகனமும் தண்டுகளின் மேல் உயர்ந்து நிற்கின்றன; அவை உலா வருவதோ மாட வீதிகளில். ஆந்திரத்தின் வடகோடி மலைக் கிராமங்களில் சாலை எட்டாத இடங்களிலிருந்து கர்ப்பிணிகளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவருவது தொங்கும் டோலியில்தான். தோளில் தண்டு சமமாக உட்காராவிட்டால் அங்கே என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

முதல் மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். 1974இல் இரண்டாவது பாதை வந்தபிறகு ஏறுவதற்குப் புதியது, இறங்குவதற்குப் பழையது என்று ஆயிற்று. ஏற 28 நிமிடம், இறங்க 40 நிமிடம் என்று குறைந்தபட்ச நேரம் வகுத்திருக்கிறார்கள். அதற்கு முன்பே சோதனைச் சாவடிக்கு வந்து சேருகிறவர் அபராதம் கட்ட நேரும். சீக்கிரம் வந்ததற்குத் தண்டம் வாங்கும் ஊர்கள் அதிகம் இருக்காது.

கொண்டை ஊசி வளைவில் பேருந்தின் இரு அச்சுகளுக்கும் இடையிலுள்ள தூரம்தான் எஜமானன். தூரம் நீண்டால் பின்சக்கரம் வளைவின் உட்பக்கம் வெட்டிக்கொண்டு கைப்பிடிச் சுவரை உரசப் பார்க்கும். குறைந்தால் சுலபமாகத் திரும்பும். ஆனால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னும் பின்னும் ஊஞ்சலாடும். 2022 செப்டம்பரில் திருமலைக்கு விடப்பட்ட ஓலெக்ட்ரா மின்சாரப் பேருந்துகள் 9 மீட்டர் நீளமே. நெடுஞ்சாலைப் பேருந்துகளில் 12 மீட்டர் சகஜம். இறங்கும்போது மோட்டாரே பிரேக்காக மாறி மின்கலத்துக்குக் கொஞ்சம் மின்சாரத்தைத் திருப்பித் தருகிறது. கனமான மின்கலத்தைக் கூரையில் வைப்பதா, அடியில் வைப்பதா என்பது இத்தகைய பேருந்துகளை வடிவமைக்கிறவர்களின் தலைவலி. முன்பாரம், பின்பாரத்தோடு மேல்பாரமும் சேர்ந்துகொண்டது.

பயணிக்கு மிச்சமிருப்பது இருக்கையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஒன்றுதான். தலைசுற்றல் உள்ளவர்களும் முழங்கால் வலிக்காரர்களும் இரு அச்சுகளுக்கும் நடுவிலுள்ள வரிசையைப் பிடிப்பது நல்லது. தூக்கிப்போடுவது அங்கே குறைவு. கடைசி வரிசை பின்அச்சுக்கும் பின்னால் இருக்கிறது. ஒவ்வொரு வளைவிலும் அது வெளிப்பக்கம் வீசும், ஒவ்வொரு குழியிலும் துள்ளும், மடியில் வைத்த லட்டுப் பை தரைக்குப் போகும். கூட்ட நாட்களில் அந்த வரிசையும் நிரம்பிய பிறகுதான் பேருந்து கிளம்புகிறது.