கூலி கொடுக்காத கலெக்டர்

நம்ம மதுரையில் சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று வீதிகளுக்கு மாதப் பெயர். அது கோயில் திருவிழாக் கணக்கு. மாசி வீதியைத் தாண்டினால் கணக்கே மாறிவிடும். வெளி வீதி, மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி! இதெல்லாம் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்துச் சமாச்சாரம்.

நாயக்கர் கோட்டைக்குள் ஊர் நெருக்கியடித்துக் கிடந்தது. கோட்டையை இடிக்க 1837-ல் அனுமதி வாங்கிவிட்டார். கூலிக்குப் பணம்? மதிலை இடித்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கு அந்த இடமே சொந்தம் என்றார். பி.காம். படிக்கிற எனக்கு இது அசத்தல் டீல். அரசாங்கக் கஜானாவைத் தொடாமலே ஊர் பெரிதாகிவிட்டது. அந்த வேலையில் இருந்த மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும் தெருப்பெயரானார்கள். மண் சுமந்தவர்கள் ஆகவில்லை.

1866-ல் நகராட்சி வந்தது. (அதே 1860-களில்தான் ஒட்டோமான் ஆட்சியில் இருந்த ஜெருசலேமுக்கும் நகராட்சி வந்தது. புனித நகரமென்றால் குப்பை சேராதா என்ன?) 1971-ல் அது மாநகராட்சி ஆனது. சித்திரைத் தேர் சுற்றிப் போன மாசி வீதிகளைக் கூட்டுவது அதன் தூய்மைப் பணியாளர்கள்தான். ஒரு சந்துக்காவது அவர்களில் ஒருவர் பெயரை வைக்கலாம். பெருமாள் மேஸ்திரி கோபித்துக்கொள்ள மாட்டார்.