சாய்ந்த மரத்தின் அடியில்

தீபகற்ப மலேசியாவின் மேற்குக் கரையில் வாழ்பவர்களுக்கு மாலை இடிமழை புதிதன்று. நண்பகல்வரை வெயில் கொளுத்தும். மூன்று மணிக்கு மேல் வானம் கறுக்கும். அடுத்த அரை மணி நேரத்தில் சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்கள் தலைவிரித்து ஆடத் தொடங்கிவிடும். ஏப்ரல் முதல் நவம்பர்வரை, மலாக்கா நீரிணையைக் கடந்து விடியற்காலையில் வரும் ‘சுமத்திரா’ காற்று இதைவிடவும் முரட்டுத்தனமானது.

2024ஆம் ஆண்டு மே 7ஆம் நாள், கோலாலம்பூர் சுல்தான் இஸ்மாயில் சாலையில் ஒரு பெரிய மரம் வேரோடு சாய்ந்தது. 17 வாகனங்கள் சேதமடைந்தன. ஓர் உயிர் பறிபோனது. மோனோரயில் சேவையும் தடைப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் சிங்கப்பூரில் வீசிய சுமத்திரா காற்றினால், 300க்கும் மேற்பட்ட இடங்களில் மரங்களும் கிளைகளும் விழுந்தன.

நகரின் நடுவில் விழும் மரம் செய்தியாகிறது. தாமானில் ஒரு வரிசை வீட்டின் கூரைமீது விழும் மரத்தைப் படமெடுக்க யாரும் வருவதில்லை. அந்த வீட்டுக்காரர்தான் அதை எதிர்கொள்ள வேண்டும். மழை சற்று ஓய்ந்ததும் அவர் பெரும்பாலும் என்ன செய்வார்? பின்கட்டிலிருந்து பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடுவார். மகிழுந்தின்மேல் கிடக்கும் கிளையை உடனே வெட்டி எறிந்துவிட வேண்டும் என்று மனம் துடிக்கும். அவர் கால் வைக்கப்போகும் அந்த ஈரத் தரைதான் மிகப் பெரிய ஆபத்து.

மரம் விழும்போது மின்கம்பியையும் இழுத்துக்கொண்டு விழுவதுண்டு. அறுந்த கம்பி தீப்பொறி பறக்கக் கிடக்கும் என்று எண்ணுவது தவறு. பல வேளைகளில் அது இலைக் குவியலுக்குள் சத்தமின்றிக் கிடக்கும். ஈர மரம் மின்சாரத்தைக் கடத்தும். கம்பி தொட்டுக்கொண்டிருக்கும் தரையிலும் மின்சாரம் பரவியிருக்கும். ஆகவே, கம்பி கண்ணில் பட்டாலும் படாவிட்டாலும், மின்கம்பத்துக்கு அருகில் சாய்ந்த மரத்தை யாரும் நெருங்கக்கூடாது. ஒருவேளை மகிழுந்தின்மேல் கம்பி விழுந்து, உள்ளே ஆள் இருந்தால், உதவி வரும்வரை அவர் உள்ளேயே இருப்பதே நல்லது. வண்டி தீப்பற்றிவிட்டால் மட்டும், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரண்டு கால்களையும் சேர்த்து வெளியே குதிக்க வேண்டும். பிறகு, பாதங்களைத் தரையிலிருந்து தூக்காமல், சிறு சிறு அடியாக நகர்ந்து விலக வேண்டும். எட்டி நடந்தால் ஒரு காலுக்கும் மறு காலுக்கும் இடையே மின்னழுத்தம் வேறுபடும். அந்த வேறுபாடே ஆளைக் கொன்றுவிடும்.

மின்சாரம் இல்லாவிட்டாலும் விழுந்த மரம் சும்மா கிடப்பதில்லை. கூரைக்கும் மதிலுக்கும் இடையே வளைந்து மாட்டிக்கொண்ட கிளை, இழுத்துக் கட்டிய வில்லைப் போன்றது. தவறான பக்கத்தில் வெட்டினால் அது அறுந்து முகத்தில் அடிக்கும். வேரோடு பெயர்ந்த மரம் இன்னும் ஏமாற்றக்கூடியது. அடிமரத்தை அறுத்துப் பாரம் குறைந்ததும், மண்ணோடு நிமிர்ந்து நிற்கும் வேர்த்தட்டு மீண்டும் குழிக்குள் சாயலாம். அந்தக் குழிக்குள்தான் சிறுவர்கள் இறங்கி வேடிக்கை பார்ப்பார்கள்! பிள்ளைகளை அங்கிருந்து விரட்டுவது அன்றைய வேலைகளில் முதன்மையானது. இயந்திர ரம்பத்தைப் பழகாத கையில் எடுப்பது வீரமன்று. அந்த வேலைக்குப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள்.

கிளை கூரையைத் துளைத்திருந்தால், அந்த அறையிலிருந்து அனைவரும் வெளியேற வேண்டும். மழைநீர் தேங்கிய மேற்கூரைப் பலகை வயிறு உப்பியதுபோல் தொங்கும். அது எந்த நொடியும் இடிந்து விழலாம். மின் பெட்டி இருக்கும் இடம் காய்ந்திருந்தால் முதன்மை விசையை அடைக்கலாம். காலடியில் நீர் இருந்தால் அதைத் தொடவே கூடாது. எரிவாயு உருளையை மூடிவிட வேண்டும். எரிவாயு வாடை வந்தால், எந்த விசையையும் தட்டாமல் வெளியேறிவிட வேண்டும். படுக்கையில் இருக்கும் பாட்டியை முதலில் பக்கத்து வீட்டில் சேர்த்துவிட்டு, பிறகு மற்றதைப் பார்க்கலாம்.

அடுத்தது தொலைபேசி. யாரேனும் சிக்கிக்கொண்டாலோ, வீடு இடியும் நிலையில் இருந்தாலோ 999 என்ற எண்ணை அழைக்க வேண்டும். தீயணைப்பு மீட்புப் படையினர் வருவர். மின்கம்பி அறுந்திருந்தால் தெனாகா நேஷனலின் 15454 என்ற எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும். மரம் சாலையோரத்தில் நின்றதென்றால் நகராண்மைக் கழகத்துக்குத் தகவல் போக வேண்டும். மீட்புப் படையினர் உயிருக்கு ஆபத்தானதை அகற்றுவர். முற்றத்தில் கிடக்கும் ஒவ்வொரு கட்டையையும் அள்ளிக்கொண்டு போவார்கள் என்று எதிர்பார்ப்பது சரியன்று.

எதையும் நகர்த்துவதற்கு முன் படம் எடுக்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அண்டை வீட்டார் கூடி ஒரு மணி நேரத்தில் முற்றத்தைத் துப்புரவாக்கித் தந்துவிடுவார்கள். கோத்தோங் ரோயோங் பழக்கம் நல்லதுதான். ஆனால், சான்றும் குப்பையோடு சேர்ந்து போய்விடுகிறது. மரம் விழுந்த கோணம், உடைந்த ஓடு, நனைந்த மெத்தை, வேரின் நிலை ஆகியவற்றைப் பல பக்கங்களிலிருந்தும் எடுத்து வைத்தால், காப்புறுதி நிறுவனத்திடம் பேச அதுவே பலம்.

காப்புறுதி என்றதும் எல்லாம் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை சிலரிடம் உண்டு. அடிப்படைத் தீக் காப்புறுதி தீ, மின்னல், வெடிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே. புயற்காற்றும் வெள்ளமும் ‘ஹவுஸ்ஓனர்’ எனப்படும் வீட்டுரிமையாளர் காப்புறுதியில்தான் சேரும். அதுவும் கட்டடத்துக்கே. உள்ளே நனைந்த தொலைக்காட்சிக்கும் அலமாரிக்கும் வேறொரு காப்புறுதி வேண்டும். மகிழுந்தின் கதையும் இதுவே. முழுமைக் காப்புறுதி என்று பெயர் இருந்தாலும், புயல், வெள்ளம், நிலச்சரிவு ஆகியவற்றுக்குத் தனியே கூடுதல் கட்டணம் செலுத்தியிருக்க வேண்டும். ஒப்பந்தத் தாளை மரம் விழுந்த பிறகு படிப்பதால் என்ன பயன்?

பணத்தைவிடக் கடினமானது பக்கத்து வீட்டுப் பேச்சு. “அண்ணே, உங்க மரம்தானே எங்க கூரைய உடைச்சது?” என்று ஒருவர் கேட்பார். “காத்து அடிச்சா நான் என்னம்மா செய்ய முடியும்?” என்று மற்றவர் சொல்வார். இருவர் பக்கமும் நியாயம் இருக்கலாம். நலமாக நின்ற மரம் கடும் காற்றில் விழுந்தால், அதன் உரிமையாளர்மீது பழி சுமத்துவது எளிதன்று. மரம் பட்டுப்போனது அவருக்குத் தெரிந்திருந்தும், சொல்லியும் கேட்காமல் விட்டிருந்தால், அது கவனக்குறைவு ஆகும். அதனால்தான் வாய்ச்சொல்லைவிட ஒரு பக்கக் கடிதம் மேலானது. தேதியிட்டு, மரத்தின் படத்தோடு, அண்டை வீட்டாருக்கோ நகராண்மைக் கழகத்துக்கோ முன்பே அனுப்பிய கடிதம் பின்னாளில் பேசும். பல ஆண்டுகள் தீபாவளிப் பலகாரம் பரிமாறிக்கொண்டவர்களுக்கிடையே கடிதம் எழுதுவது சங்கடம்தான். மதிலோரம் நின்று பேசிவிட்டு, “ஒரு நினைவுக்காக எழுதியும் தருகிறேன்” என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மரங்கள் பெரும்பாலும் முன்னறிவிப்பு இல்லாமல் விழுவதில்லை. அடிமரத்தில் தட்டுத் தட்டாய் முளைக்கும் காளான், உள்ளே அழுகல் இருப்பதைக் காட்டும். ஒரு பக்கம் மண் வெடித்து மேலெழும்பினால், வேர் பிடி தளர்கிறது என்று பொருள். நகரத்து மரங்களின் வேர்கள் ஆழமாக இறங்குவதைவிடப் பக்கவாட்டில்தான் அதிகம் ஓடுகின்றன. கால்வாய் தோண்டும்போதும் முற்றத்துக்குச் சிமெண்டு போடும்போதும் அந்த வேர்கள் அறுபடுகின்றன. மேலே இலை பச்சையாகவே இருக்கும். உச்சியை மொட்டையடித்தால் ஆபத்து தீர்ந்தது என்று எண்ணுபவர்களும் உண்டு. வெட்டிய இடத்தில் கொத்தாகத் தழைக்கும் புதுக் கிளைகளுக்குப் பிடிமானம் குறைவு. சில ஆண்டுகளில் அவையே முறிந்து விழும்.

அஞ்சி எல்லா மரத்தையும் வெட்டிவிடவும் முடியாது. தீபகற்ப மலேசியாவில் 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, 0.8 மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தைச் சொந்த நிலத்தில் இருந்தாலும் ஊராட்சி மன்ற அனுமதியின்றி வெட்டக்கூடாது. பட்ட மரத்துக்கும் உடனடி ஆபத்து விளைவிக்கும் மரத்துக்கும் விலக்கு உண்டு. அம்மாவின் தையல் நாடா போதும், வாசல் மாமரத்தின் சுற்றளவை அளந்து பார்க்க.

கூரை சரிசெய்யப்படும்வரை மேலே தார்ப்பாய் கட்டுவார்கள். மேலும் சேதம் ஏற்படாமல் காப்பதைக் காப்புறுதி நிறுவனமும் எதிர்பார்க்கும். தார்ப்பாயை இழுத்துக் கட்ட வேண்டும்; தொய்வாக விட்டால் மடிப்புகளில் மழைநீர் தேங்கும். ஏடிஸ் கொசுவின் முட்டை அந்த நீரில் ஏறக்குறைய ஒரு வாரத்தில் கொசுவாகிவிடும். கூரைக்காரர் வருவதற்கோ பல வாரங்கள் ஆகலாம்.