அவசரம் என்னும் சொல்

வடமொழியில் தக்க தருணத்தைக் குறிக்கும் 'அவசரம்' தமிழிற் புகுந்து விரைவாயிற்று. தெலுங்கிற் புகுந்து தேவையாயிற்று. இலத்தீனில் நூலைக் குறிக்கும் ஒரு சொல்லினின்றே ஆங்கிலேயர்க்கு 'லைப்ரரி' நூல்நிலையமும், பிரெஞ்சுக்காரர்க்கு 'லிப்ரெரி' புத்தகக் கடையும் ஆனவாறு போலும் இது. ஏட்டிற் காண்பார்க்கு வேடிக்கையே. ஏழை ஒருவருக்கு இதனால் நேர்ந்த நட்டத்தையும் நாம் கண்டிருக்கிறோம்.

திருத்தணிகையில் ஓர் ஆடிக் கிருத்திகையன்று, "மாலை கட்டட்டுமா?" என வினவிய முதிய பூக்காரரிடம், "அவசரம் லேது" என்று கூறி மலையேறினார் ஓர் ஆந்திர அன்பர். திரும்புங்கால் வாங்குவார் என்றெண்ணிய முதியவர், பெரியதொரு மாலை கட்டி, ஈரத்துணி போர்த்து, இருட்டும்வரை காத்திருந்தார். அன்பர் சொன்னதோ 'தேவையில்லை' என்பது.

1960 ஏப்ரல் முதல் நாள் இவ்வூர் ஆந்திரத்தினின்று சென்னை இராச்சியத்தைச் சேர்ந்தது. ஆயினும் அச்சொல்லின் இரு பொருளும் இன்றும் ஒரே தெருவில் வழங்குகின்றன. பழகிய வணிகர், அது காதில் விழுந்ததும், "வத்தா? வேண்டாவா?" என்று இரு மொழியிலும் கேட்டுக்கொள்கின்றனர்.