பழைய ஹைலக்ஸுக்குப் புது லொக்

எங்கள் பழைய ஹைலக்ஸின் இக்னிஷன் லொக்கை ஒருவழியாக மாற்றியாகிவிட்டது. எஞ்சின் ஓடும்போதே திறப்பு கையோடு கழன்று வரும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. கட்டுகஸ்தோட்டை, பேராதனைப் பக்கம் இப்படி ஓடும் பழைய பிக்கப்கள் நிறைய. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபிறகு, இருப்பதை வைத்தே ஓட்டுவது பழகிப்போனது.

தேய்ந்த லொக்கை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கடுகண்ணாவை வளைவில் இறங்கும்போது திறப்பு திரும்பி எஞ்சின் நின்றால், பவர் ஸ்டியரிங் கல்லாய் இறுகும். பிரேக்கும் இரண்டொரு மிதிக்குப் பின் கனத்துவிடும். ஜெனரல் மோட்டர்ஸ் 2014இல் சுமார் 26 லட்சம் கார்களைத் திருப்பி அழைத்தது இதற்கு நெருங்கிய கோளாறுக்குத்தான். சுவிட்ச் பிடிமானம் இல்லாமல் இருந்ததால், கனமான திறப்புக் கொத்து ஆடியே எஞ்சின் நின்றது. 124 உயிர்கள் போயின.

வேலை பெரிதில்லை. மெக்கானிக் பாஸ், பெட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி, ஸ்டியரிங்கின் கீழ் மூடியை எடுத்தார். திறப்பை ஏசிசியில் வைத்து, பக்கத்துச் சிறு துளைக்குள் மெல்லிய கம்பியால் அழுத்தினார். பரல் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. உள்ளே பித்தளைத் தகடுகளின் விளிம்பெல்லாம் மழுங்கிப்போயிருந்தன. புதுத் திறப்பு மட்டும் வெட்டினால் போதாதா என்று கேட்டேன்.

"தேஞ்ச லொக்குக்குப் புதுத் திறப்பு சரிவராது தம்பி."

பின்னாலுள்ள சுவிட்ச் நல்லாயிருந்ததால் அதில் கைவைக்கவில்லை. கதவுக்கு இனி வேறு திறப்பு, அவ்வளவுதான்.

பழைய பிக்கப் வைத்திருப்பவர்களே, வண்டியை ஓரமாக நிறுத்தி, எஞ்சின் ஓடும்போது திறப்பை மெல்ல இழுத்துப் பாருங்கள். கழன்று வந்தால் இந்த வாரமே பாஸிடம் விடுங்கள்.