பாச்சி பந்திதே!

மைசூருக்கு வந்து பதினோரு வருஷம் ஆச்சு. கோவில்பட்டிக்காரனுக்கு பாசின்னா கிணத்துச் சுவர்லயும் தெப்பக்குளத்துப் படியிலயும் இருக்கிற சமாச்சாரம். வீட்டுக்குப் பின்னால காசு கொடுத்துப் பதிச்ச கல்லுல பச்சையாப் படரும்னு இங்க வந்துதான் தெரிஞ்சுக்கிட்டேன்.

குவெம்புநகர்ல எங்க வீட்டுப் பின்கட்டுல கடப்பாக்கல் பதிச்ச சின்ன இடம். ஒரு பக்கம் காம்பவுண்ட் சுவர், மேல பக்கத்து வீட்டு சண்பக மரம். வெயில் கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்துட்டுப் போயிடும். மழையோ மே மாசமே ஆரம்பிச்சு அக்டோபர் வரைக்கும் விட்டுவிட்டுப் பெய்யும். அப்புறம் பாசிக்கு என்ன குறை?

பக்கத்து வீட்டு ஆன்ட்டி வருஷாவருஷம் எச்சரிப்பாங்க. "பாச்சி பந்திதே, ஜாருத்தே!" பாசி வந்திருக்கு, வழுக்கும்னு அர்த்தம். நம்ம பாசிதான் கன்னடத்துல பாச்சி. நானும் "ஹௌது ஆன்ட்டி"ன்னு தலையாட்டிட்டு ஆபீசுக்கு ஓடிடுவேன் :-)

ஒரு தடவை பாத்ரூம் ஆசிட் ஊத்தினேன். நுரைச்சுக்கிட்டு பளிச்னு ஆச்சு. கடப்பாக்கல் சுண்ணாம்புக்கல் வகைன்னு அப்போ தெரியாது. ஆசிட் மேல்பரப்பையே அரிச்சிடுச்சு. அந்தச் சொரசொரப்புல ஈரம் தங்க, அடுத்த மழைக்குப் பாசி இன்னும் சௌகரியமா குடியேறிடுச்சு.

2024 ஆகஸ்ட்ல அம்மா வந்திருந்தாங்க. காலைல துணி காயப்போடப் போனவங்க வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டு உடைஞ்சுபோச்சு. ஆறு வாரம் மாவுக்கட்டு. கேட்டவங்க கிட்டயெல்லாம் "நான்தான் பார்த்து நடக்கல"ன்னு சொன்னாங்க. அதைக் கேட்கத்தான் முடியல.

கட்டோட பின்வாசல்ல நாற்காலி போட்டு மழையைப் பார்த்துக்கிட்டு இருந்த அம்மா ஒருநாள் கூப்பிட்டாங்க. "ஏய்யா, மாடித் தண்ணி பூராவும் இங்கனதான் விழுது. போறதுக்கு வழி எங்க இருக்கு?"

பார்த்தா நிஜம்தான். மாடிக் குழாயோட வாய் நேரா கல்லு மேல. சரிவு சுவரை நோக்கி. தண்ணி வடியற வழியில வரிசையா என் மனைவியோட பூந்தொட்டிகள்!

குழாயை நீட்டி வடிகால்ல விட்டேன். கொத்தனாரைக் கூப்பிட்டு கல்லைப் பெயர்த்து, மீட்டருக்கு ஒன்றரை சென்டிமீட்டர் சரிவு வச்சுப் பதிச்சோம். தொட்டிகளை நகர்த்தினோம். ஆன்ட்டி கிட்ட கேட்டு ரெண்டு கிளை வெட்டினோம். வெயில் விழ ஆரம்பிச்சது.

ஏற்கனவே இருந்த பாசிக்கு 10 லிட்டர் தண்ணில 100 கிராம் பிளீச்சிங் பவுடர். கலக்கித் தெளிய வச்சு, தெளிஞ்ச தண்ணிய மட்டும் ஊத்தி, 20 நிமிஷம் கழிச்சுத் தென்னந்துடைப்பத்தால தேய்ச்சுக் கழுவணும். கையுறை அவசியம். செடி வேர்ல படக்கூடாது. முக்கியமா, ஆசிட்டோட சேர்த்துடாதீங்க. குளோரின் வாயு கிளம்பும், மூச்சுக்கே ஆபத்து.

ஆனா மருந்து பாசியைக் கொல்லும், அவ்வளவுதான். ஈரம் நின்னா திரும்ப வரும். மழை நாள்ல இப்பவும் வாரம் ஒருதடவை பெருக்கித் தள்ளுறேன்.

போன மழைக்கு அம்மா வந்தப்போ, படியிறங்கும் முன்னாடி கட்டைவிரலால கல்லைத் தேய்ச்சுப் பார்த்தாங்க. "பரவால்லய்யா"ன்னாங்க. ஆனாலும் சுவரைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடந்தாங்க.

ஊர்லேர்ந்து பெரியவங்க வர்றாங்கன்னா, டிக்கெட் போடறதுக்கு முன்னாடி ஒருதடவை பின்கட்டை எட்டிப் பாருங்க.