நெருப்பில் பிறக்கும் நீலம்



ஜப்பானியர் கையால் வரைந்த நீல வெள்ளைத் தேநீர்க் கோப்பையை நீங்கள் எங்கேனும் கண்டிருப்பீர்கள். வெண்பீங்கானின்மேல் ஒரு மூங்கில் கிளை, ஒரு மலை, இரண்டு பறவைகள். ஆனால் அவற்றை வரைந்தவர் வரைகிற வேளையில் அந்த நீலத்தைக் காணவில்லை என்பதை அறிவீர்களா?

கியூஷூ தீவிலுள்ள அரிதா என்னும் சிற்றூர் ஜப்பானியப் பீங்கானுக்குத் தாய்வீடு. அங்கே கோப்பையை முதலில் ஏறக்குறைய 900 டிகிரி வெப்பத்தில் சுடுகிறார்கள். பின்பு, கோபால்ட் கலந்த ‘கோசு’ என்னும் மையால் வரைகிறார்கள். அந்த மை நீலமன்று; மங்கிய கருஞ்சாம்பல் நிறம். ஒருமுறை சுட்ட மண்ணோ தாகமுள்ளது. தூரிகை பட்டவுடன் மையை உறிஞ்சிக்கொள்ளும். தயங்கி நின்றால் கறை படரும். ஒருவர் கோடுகளை வரைய, வேறொருவர் தடித்த தூரிகையால் உட்புறத்தை நிரப்புவார். நிரப்பும் வேலை அங்கே வழிவழியாகப் பெண்களுடையது.

இவ்வளவு கவனமாய் வரைந்தபின், கோப்பை முழுவதையும் வெண்ணிற மெருகுக் குழம்பால் மூடிவிடுகிறார்கள். ஓவியம் மறைந்துபோகிறது. அதன்பின்பே அது ஏறக்குறைய 1300 டிகிரி வெப்பமுள்ள சூளைக்குள் செல்கிறது. அங்கே மெருகு உருகிக் கண்ணாடியாகிறது, சாம்பல் நீலமாகிறது.

எரேமியா தீர்க்கதரிசி குயவன் வீட்டில் கண்டது ஈரமான களிமண்ணை. கெட்டுப்போன பாத்திரத்தைக் குயவன் திரும்பவும் வேறொன்றாக வனைந்தான். அந்த ஆறுதலை நாம் அடிக்கடி பேசுகிறோம். ஆயினும் நம்மில் பலர் இன்று சக்கரத்தின்மேல் இல்லை. ஒருமுறை சுடப்பட்டு, வரையப்பட்டு, வெண்பூச்சால் மூடப்பட்டு நிற்கிறோம். மகனை அடக்கம்பண்ணிய ஒரு தாய் என்னிடம், “ஐயா, தேவன் என் வாழ்வில் எழுதியது ஒன்றும் எனக்குத் தெரியவில்லை” என்றார். நான் விளக்கம் சொல்லவில்லை, அருகே அமர்ந்திருந்தேன். ஆனாலும் அந்த வெண்பூச்சை நினைத்துக்கொண்டேன். மறைந்திருப்பது அழிந்துபோனது ஆகாது.

அரிதாவின் தொடக்கமும் இப்படிப்பட்டதே. 1592 முதல் 1598 வரை ஹிதெயோஷியின் படைகள் கொரியாவில் போர் செய்தன. திரும்பி வந்த தலைவர்கள் அந்நாட்டுக் குயவர்களையும் கொண்டுவந்தார்கள். அவர்களில் ஒருவரான யி சாம்-பியோங், ஏறக்குறைய 1616 இல் அரிதாவின் இசுமியாமாவில் பீங்கானுக்கேற்ற கல்லைக் கண்டார் என்பது அவ்வூர் மரபு. 1655 இல் அவர் அந்நிய மண்ணிலேயே மரித்தார். நான்கு ஆண்டுகளுக்குப்பின் டச்சு வணிகர்கள் பெருந்தொகையான பாத்திரங்கள் வேண்டுமென்று கேட்டார்கள். அரிதாவின் கோப்பைகள் கடல் கடந்தன. அவர் அதைக் காணவில்லை.

சூளைக்குள் செல்லும் எல்லாக் கோப்பைகளும் முழுமையாய் வெளிவருவதில்லை. ஆகையால் துன்பமெல்லாம் அழகாய் முடியும் என்று எளிதாய்ச் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனால் அரிதாவின் சந்துகளில் பழைய சூளைக் கற்களையும் உடைந்த துண்டுகளையும் செம்மண்ணில் பதித்துக் கட்டிய மதில்கள் இன்றும் நிற்கின்றன. உடைந்தவற்றுக்கும் அவ்வூரில் இடம் உண்டு.

அன்பானவர்களே, நோயுற்றவரைப் பராமரிக்கிறீர்களா? திரும்பி வராத பிள்ளைக்காக ஜெபிக்கிறீர்களா? இன்று உங்கள் தூரிகையில் இருப்பது சாம்பல் நிறமாகவே தோன்றலாம். தயங்கி நிற்காமல் உங்கள் கோட்டை வரையுங்கள். அதன் நிறத்தை அறிந்தவர் ஒருவர் இருக்கிறார். அவருடைய சமாதானம் இவ்வாரம் உங்களோடிருப்பதாக. ஆமென்.