பூட்டிய வீட்டுச் சாமான்

கும்பகோணத்திலிருந்து வலங்கைமான் பக்கம் போனாலும் சரி, பாபநாசத்தில் இறங்கி உள்சாலைகளில் திரும்பினாலும் சரி, ஊருக்கு ஒரு வீடாவது பூட்டிக் கிடக்கும். திண்ணைத் தூணில் யாரோ ஆடு கட்டியிருப்பார்கள். ஓடு சரிந்த இடத்தில் அரசங்கன்று முளைத்திருக்கும். வீட்டுக்காரர் சென்னையில் இருப்பார். அவருக்கே எழுபது வயது தாண்டியிருக்கும். பிள்ளைகள் கடல் கடந்து போயிருப்பார்கள். நிலம் எப்போதோ கைமாறியிருக்கும். மிச்சம் இருப்பது வீடும் அதற்குள் இருக்கும் சாமானும்தான். ஒருநாள் மனைக்கு விலை படியும். வாங்குகிறவர் காலி மனை கேட்பார். அப்போது பாய்க்குப் போன் போகும்.

பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பாய் என்றே எழுதுகிறேன். பூட்டிய வீட்டுச் சாமானை உள்ளது உள்ளபடி ஒரே தொகைக்குப் பேசி எடுத்து, பிரித்து, இனம் இனமாக விற்பது அவர் தொழில். அவருடைய அப்பா 1970களில் சைக்கிளில் எவர்சில்வர் பாத்திரம் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர். பழைய பித்தளையை எடைபோட்டு வாங்கிக்கொண்டு புது எவர்சில்வர் கொடுப்பார். புளி போட்டுத் தேய்க்கும் வேலை மிச்சம் என்று பெண்கள் அண்டாவையும் தவலையையும் தாமே தூக்கிக் கொண்டுவந்து கொடுத்த காலம் அது. காவிரி டெல்டாவின் சமையலறைகளிலிருந்து பித்தளை வெளியேறிய முதல் அலை அதுதான். பரணில் ஏறி உட்கார்ந்துவிட்ட பெரிய சாமான்கள் மட்டும் தப்பின. மகன் இப்போது அவற்றைத்தான் இறக்குகிறார்.

அமெரிக்காவில் இந்தத் தொழிலுக்கு வேறு உருவம். வீட்டில் கொள்ளாத சாமானை மாத வாடகை அறைகளில் பூட்டி வைக்கிறார்கள். வாடகை நின்றால், அறிவிப்புக் கொடுத்துவிட்டு அறையில் உள்ளதை அப்படியே ஏலம் விடுவார்கள். ஏலம் கேட்க வருகிறவர் வாசலில் நின்று எட்டிப் பார்க்கலாம். உள்ளே கால் வைக்கக் கூடாது, எதையும் தொடக் கூடாது. 2010இல் இதை வைத்தே ஒரு தொலைக்காட்சித் தொடர் வந்து பேர் வாங்கியது. நம்மூர்க்காரர்களுக்கு ஏலம் என்றால் நினைவுக்கு வருவது பேப்பரில் பக்கம் பக்கமாக வரும் நகை ஏல அறிவிப்புதான். அடகுச் சீட்டில் அச்சடித்திருக்கும் ஒரு வருஷம் ஏழு நாள் கெடுவும் எல்லோருக்கும் பழக்கம். பாயும் கொஞ்ச காலம் நகை ஏலத்துக்குப் போயிருக்கிறார். “அதுல நமக்கு என்ன வேலை தம்பி? கிராம் தெரியும், மாத்து தெரியும், ரேட்டு தெரியும். கணக்குப் போடத் தெரிஞ்சவன் எவனும் கேக்கலாம். இங்க கண்ணு வேணும்.”

அந்தக் கண்ணைப் பார்க்கத்தான் பங்குனி வெயிலில் அவரோடு போனேன். சம்பா அறுத்த வயலில் உளுந்து பறிப்பு நடந்துகொண்டிருந்தது. அதனால் சாமான் தூக்க ஆள் கிடைப்பது கஷ்டம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். குடமுருட்டிக்குத் தெற்கே ஒரு ஊர். சாவி பக்கத்து வீட்டு அம்மாவிடம் இருந்தது. ரேழியைத் தாண்டிக் கூடத்துக்குள் போனதும் பாய் உடனே எதையும் தொடவில்லை. செருப்பை வாசலிலேயே விட்டிருந்தார். கையில் ஒரு டார்ச். முற்றத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பரண் ஏணியில் பாதி ஏறி வெளிச்சம் அடித்தார். காமிரா உள் என்கிற உள்ளறையில் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். கொல்லைக் கொட்டிலை எட்டிப் பார்த்தார். அவ்வளவுதான். வெளியே வந்து திண்ணையில் உட்கார்ந்து சென்னைக்குப் போன் போட்டு ஒரு தொகை சொன்னார். அந்தப் பக்கம் கூடுதலாகக் கேட்டார்கள். பாய் கொஞ்சம் ஏறினார், அவர்கள் கொஞ்சம் இறங்கினார்கள், முடிந்தது.

நான் இருட்டையும் ஒட்டடையையும் பார்த்த இடத்தில் அவர் பார்த்தவை வேறு. பரணில் கவிழ்த்து வைத்திருந்த அண்டாக்களின் விளிம்பு, உருட்டா, மடிப்பா. உருட்டு விளிம்பு என்றால் கனம் அதிகம் என்பது அவர் கணக்கு. ஊஞ்சல் சங்கிலியின் கொக்கி பித்தளையா, மேலே பூச்சா. காமிரா உள்ளில் அதிக நேரம் நின்றது நெல் சேமிக்கும் பத்தாயத்துக்காக. ஆள் உயரத்துக்கு மேல், அடுக்கடுக்காகக் கோத்த பலகைகள், அடியில் நெல் தள்ளும் சின்னக் கதவு. பலகையில் கை மூட்டால் இரண்டு தட்டுத் தட்டினார். அது ஒன்றைத்தான் அவர் தொட்டது. “செல்லு அரிச்சிருந்தா சத்தம் பொத்துனு விழும். இது கெட்டி.”

சாமான் இறக்கும் நாளில் இன்னும் ஐந்தாறு பேர் வந்தார்கள். மரத்தைப் பிரிக்க ஒரு ஆசாரி. தூக்க நான்கு பேர். துலக்குவதற்கு ஒரு அக்கா. பாய்க்கு அடுத்தபடி இந்தத் தொழிலில் விவரம் தெரிந்தவர் அந்த அக்காதான். பரணிலிருந்து வந்ததெல்லாம் ஒரே கறுப்பு. எது பித்தளை, எது வெண்கலம், எது செம்பு என்று எனக்குத் தெரியவில்லை. அவர் விரல் நகத்தால் விளிம்பைச் சுண்டினார். வெண்கலம் நீளமாக, நின்று ஒலித்தது. பித்தளை சட்டென்று அடங்கியது. புளியை நனைத்து அடிப்பக்கத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்குத் தேய்த்துக் காட்டினார், நிறமும் பிரிந்தது. செம்போடு துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை, வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம். கீழே விழுந்தால் பித்தளை நசுங்கும், வெண்கலம் விரியும். அதனால் வெண்கலப் பானையை வைக்கோலில் சுற்றித்தான் வண்டியில் ஏற்றுவார்கள். இரண்டு தகடுகளைப் பல் பல்லாகக் கோத்துப் பற்றவைத்த தவலை பழைய கை வேலை. அதை எடைக்குப் போட மாட்டார்கள்.

துலக்கத் துலக்க எழுத்து வந்தது. கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து. பெண்ணின் பெயர், அப்பாவின் இனிஷியல், பிறந்த ஊர், கல்யாணத் தேதி. அந்த வீட்டுக்கு மூன்று தலைமுறையாக வாழ வந்த பெண்களின் பெயர்கள் பாத்திரத்தில் இருந்தன. நிலப் பத்திரத்தில் இவர்கள் பெயர் இருக்காது. வாசலில் பலகை மாட்டியிருந்தால் அதிலும் இருக்காது. சீர் கொண்டுவந்த அண்டாவில் மட்டும் இருக்கிறது. அக்கா ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்தார். “எந்தப் புண்ணியவதியோ, எத்தனை பேருக்கு வடிச்சுக் கொட்டினாளோ” என்றார். பிறகு அடுத்ததை எடுத்தார்.

இதன் பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி. நல்ல வெண்கலமும் விளக்கும் ஊஞ்சலும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போகும். பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு அது. செட்டிநாட்டு வீட்டுச் சாமான் என்று நினைத்து அங்கே வாங்குகிறவர்கள் கையில் தஞ்சாவூர்ச் சாமானும் போகிறது. ஓட்டையும் நசுங்கலும் உருக்குவதற்கு. நாச்சியார்கோயில் விளக்குப் பட்டறைகளில் பழைய பித்தளையும் உருகிக் குத்துவிளக்காக வார்க்கப்படுகிறது. காவிரி வண்டலில்தான் அங்கே அச்சு எடுக்கிறார்கள். தூணும் நிலையும் உத்தரமும் கன அடிக் கணக்கில் மரக்கடைக்கு. பர்மா தேக்கா என்று பார்க்க ஆசாரி உளியால் அடிப்பக்கத்தில் ஒரு சீவல் எடுத்து மோந்து பார்த்தார். பத்தாயத்தை எவரும் பத்தாயமாக வாங்குவதில்லை. பலகை பலகையாகப் பிரித்துச் சாப்பாட்டு மேசை செய்ய வாங்குகிறார்கள்.

நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருள், 75 வருஷத்துக்கு மேற்பட்ட சுவடி என்றால் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் குறுக்கே வரும். உரிமம் இல்லாமல் அவற்றை வியாபாரம் செய்யக் கூடாது. சாமி சிலை எதையும் பாய் தொடமாட்டார். திருவாரூர்ப் பக்கம் பத்தூரில் 1976இல் ஒரு கூலித் தொழிலாளி மண் வெட்டும்போது கிடைத்த நடராஜர் கை மாறிக் கை மாறி லண்டன் போய், அங்கே கோர்ட்டில் வழக்கு நடந்து, 1991இல் திரும்பி வந்த கதை இந்த வட்டாரத்தில் எல்லா வியாபாரிக்கும் தெரியும். பழைய தஞ்சாவூர் ஓவியம் கிடைத்தாலும் முதலில் வீட்டுக்காரருக்குத்தான் போன்.

கூடத்து மூலையில் ஒரு இரும்புப் பெட்டி இருந்தது. சாவி யாரிடமும் இல்லை. பேசும்போதே சொல்லிவிடுவது பாயின் வழக்கம்: “பெட்டி எங்களுது, உள்ள இருக்குறது உங்களுது.” பூட்டு வேலை தெரிந்தவர் வந்து திறக்கப் பகல் முழுக்க ஆனது. உள்ளே ஒரு வெள்ளிக் குங்குமச் சிமிழ். அதைப் படம் எடுத்து உடனே சென்னைக்கு அனுப்பினார். பாக்கியெல்லாம் காகிதம். துணிக்கட்டு போட்ட கணக்கு நோட்டுகள், தபால் கார்டுக் கட்டு, ஜாதகங்கள். பத்திரமும் ஜாதகமும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது அப்பா சொல்லிக் கொடுத்தது. நோட்டும் கடுதாசியும் யாரும் கேட்பதில்லை. அவை பழைய பேப்பர் கடைக்குக் கிலோ கணக்கில் போகும்.

திண்ணையில் உட்கார்ந்து அந்த நோட்டுகளைப் புரட்டினேன். குத்தகை நெல் கலம், மரக்கால், படி என்று ஏறியிருந்தது. 12 மரக்கால் ஒரு கலம். பக்கத்துக்குப் பக்கம் கூலிக் கணக்கு: இன்னாருக்கு நடவு, இன்னாருக்கு அறுப்பு, இத்தனை படி. அப்பா பெயர் இல்லை, ஊர் இல்லை. வெறும் பெயர், எதிரே நெல். வருஷக் கடைசியில் சிலர் பெயருக்கு நேரே கடன் பாக்கி. டெல்டாவின் பண்ணையாள்களைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். 1952இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1961இல் நில உச்சவரம்பு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று வந்து, 1970இல் 15 ஆகக் குறைந்தது. நடுவில் 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். கூலி நெல் கூட்டிக் கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சியாக நடந்தது அது. அந்தக் கூலி எத்தனை படி, யாருக்கு, எந்த மாதத்தில் என்று எழுதி வைத்த காகிதம் இப்படிப்பட்ட இரும்புப் பெட்டிகளில்தான் இருக்கிறது. உழைத்தவர்கள் எழுதி வைக்க வழியில்லாத காலம். அவர்களுடைய பெயர் எழுத்தில் வந்த இடம் இது ஒன்றாகவே இருக்கலாம். எடைக்குப் போனால் கிலோவுக்குச் சில ரூபாய். பாய்க்கே அதில் பெரிய லாபம் கிடையாது.

போட்டோக்களின் கதி இன்னும் மோசம். சட்டம் தேக்கு, கண்ணாடிக்கும் விலை உண்டு. கூட வந்த பையன் ஆணியை நெம்பி, கண்ணாடியைத் தனியே எடுத்து, சட்டத்தை அடுக்கினான். படங்கள் முற்றத்தில் குவிந்தன. நாற்காலியில் உட்கார்ந்த தாத்தா, பக்கத்தில் நிற்கும் பாட்டி, பின்னால் ஸ்டுடியோக்காரர் வரைந்த படிக்கட்டு. சிகாகோவில் 2007இல் வாடகை கட்டாத சேமிப்பு அறைகளிலிருந்து ஏலத்துக்கு வந்த பெட்டிகளில்தான் விவியன் மேயர் எடுத்த படங்கள் வெளியே வந்தன. பிள்ளை பார்க்கும் ஆயா வேலை செய்தவர். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நெகட்டிவ்கள். 2009இல் அவர் இறந்த பிறகுதான் உலகம் அவரைப் பெரிய புகைப்படக் கலைஞர் என்று கொண்டாடியது. ஏலத்தில் வாங்கியவர் குப்பையில் போட்டிருந்தால் விவியன் மேயர் இல்லை.

அப்படிக் காப்பாற்றி வைத்தவர் நம்மிடையேயும் இருந்தார். கோட்டையூர் ரோஜா முத்தையா சென்னையில் விளம்பரப் பலகை எழுதிக்கொண்டிருந்தபோதே பழைய புத்தகக் கடைகளில் தேடித் தேடி வாங்கியவர். புத்தகத்தோடு நிற்காமல் நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர் எறிவதையெல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் காலமானார். அந்தச் சேகரிப்பை வைத்து 1994இல் உருவானதுதான் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். தமிழில் ஆராய்ச்சி செய்கிறவர்கள் பல நாட்டிலிருந்தும் அங்கே வருகிறார்கள். இந்த டெல்டாவும் உ.வே.சா. கும்பகோணம் கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டே வீடு வீடாகச் சுவடி தேடிய மண்தான்.

பாயிடம் கேட்டேன், காகிதத்தை மட்டும் தனியே எடுத்து வைக்க முடியாதா என்று. அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார். “வைக்கலாம் தம்பி. வாங்கிக்க ஆள் யாருன்னு சொல்லுங்க. மழைக்காலத்துல குடோன்ல இதை வச்சுக் காப்பாத்த என்னால ஆவாது. வீட்டுக்காரங்க சொன்னா ஒரு பெட்டியில போட்டுக் கட்டிக் குடுத்துடுவேன். அவங்கதான் வேணாங்குறாங்களே.” அந்த வீட்டு நோட்டுகளுக்காக அவரே சென்னைக்குப் போன் போட்டுக் கொடுத்தார். பேசினேன். எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். இப்போது அவை என்னிடம் இருக்கின்றன. ஒரு நூலகத்தில் சேர்க்கும்வரைதான்.

டெல்டாவில் பூட்டிய வீடு வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டை விற்பதும் சாமானை விற்பதும் உங்கள் இஷ்டம். பராமரிக்க முடியாத வீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது. ஆனால் வியாபாரியைக் கூப்பிடுவதற்கு முன் ஒருதரம் நீங்களே போய்ப் பெட்டிகளைத் திறந்து பாருங்கள். கணக்கு நோட்டு, கடிதம், ஓலை, போட்டோ எதையும் எடைக்குப் போடாதீர்கள். போட்டோவுக்குப் பின்னால் தெரிந்த பெயர்களைப் பென்சிலில் எழுதுங்கள். பாத்திரத்தில் வெட்டிய பெயரைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஓலை என்றால் தஞ்சாவூரிலேயே சரசுவதி மகாலும் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறையும் இருக்கின்றன. அச்சுக் காகிதம் என்றால் தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது. போக முடியாவிட்டால், சாமான் எடுக்க வருகிறவரிடம் காகிதத்தைத் தனியே கட்டி வைக்கச் சொல்லுங்கள். சொன்னால் வைப்பார்கள்.